கொசுறு விறகு

காஜா பேராங் சாலையில் மாலை வெயில் சாய்கிறது. சுதந்திர நாளுக்காகக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிய மின்விளக்குகளை ஒருவன் ஏணியில் நின்று எரியவிட்டுப் பார்க்கிறான். உஜோங் பாசிர் கரையிலிருந்து நடந்து வந்த அஞ்சலை, குமாஸ்தா வீட்டு வாசலில் தலையிலிருந்து விறகுச் சுமையை இறக்குகிறாள். அலையாத்தி மரம், பட்டையில் இன்னும் சேற்று வாடை. கடல் கரையைத் தின்கிறது, கரையைப் பிடித்து நிறுத்தும் அந்த மரங்களை இனி வெட்டக் கூடாது என்று அரசாங்கம் தடுத்துவிட்டது. இதுதான் கடைசிக் கட்டு. "நாட்டு நல்லதுக்குத்தானே சொல்றாங்க," என்கிறாள் வீட்டுக்காரி கமலவேணி. அவள் முதுகுக்குப் பின்னால் புது மண்ணெண்ணெய் அடுப்பு மினுங்குகிறது. "நல்லதுதாங்கக்கா. போன மாசம் கடல் பொங்கி என் வீட்டுக்குள்ளயே வந்துச்சே. வெட்டுனா வீட்டுல கடலு, வெட்டாட்டி அடுப்புல பூனை." சொல்லிவிட்டு, எப்போதும்போலத் தனியே வைத்திருந்த ஒரு கட்டையைக் கொசுறாக நீட்டுகிறாள். கமலவேணி கை நீட்டவில்லை. "வேணாம் அஞ்சலை, நீயே வச்சுக்க. ஒனக்கு ஆகும்." அஞ்சலையின் முகம் சுருங்குகிறது. இந்த வாசலில் அவள் விற்காமல் கொடுத்தது அது ஒன்றுதான். அதைக் கட்டின்மேல் வைத்துவிட்டுத் திரும்புகிறாள். சாலை விளக்குகள் மொத்தமும் ஒரே நேரத்தில் எரிகின்றன. அவள் கரையிருக்கும் இருட்டுப் பக்கம் நடக்கிறாள். சும்மாட்டுத் துணி இன்னும் தலையிலேயே இருக்கிறது. அதன்மேல் சுமை இல்லை. ஆனாலும் கழுத்தை அசைக்காமல்தான் நடக்கிறாள்.