மாமியார் குடிக்காத சாயா

சிபி போட்டுக் கொடுத்த சாயாவை மாமியார் சுகிர்தபாய் தொடவில்லை.

“முதல்ல நீ குடி, மக்கா.”

“மாமிக்குப் போட்டதாக்கும்.”

“அதனாலதான் சொல்லுகேன்.” மகள் ஷிஜாவின் கையைப் பிடித்தாள். “எட்டி, துணியை எடு. இவன்கூட இனி நீ இருக்கண்டாம். நம்ம வீட்டுக்குப் போவலாம்.”

“அம்மைக்கு என்ன கிறுக்கா?” என்றாள் ஷிஜா.

சுகிர்தபாய் தன் போனை நீட்டினாள். பாறை உடைக்கும் சிபி தன் வாழ்க்கைக் கதையை எழுதி நேற்று வெளியிட்ட இ-புக் அதில் திறந்திருந்தது. பக்கத்தின் கடைசி வரியை உரக்கப் படித்தாள்.

“கல்யாணத்துக்கு முன்பே நான் மாமியாரைக் கொல்ல...”

சிபி விரலால் பக்கத்தைத் தள்ளினான். அடுத்த பக்கம் இப்படித் தொடங்கியது:

“யில் சந்தையில் பார்த்திருக்கிறேன்.”

“கொல்லயில்... எனக்க ஊர்ப் பேரா?”

“பின்னே? நான் பாறையைத்தான் உடைப்பேன், மாமி. சொல்லை உடைச்சது புக்குக்குப் பக்கம் பிரிச்சவனாக்கும்.”

ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு சுகிர்தபாய் சொன்னாள்:

“அடுத்த புக்கில என்னைப் பூவார் சந்தையில பாத்ததா எழுது, மக்கா. நடுவில முறிஞ்சாலும் பூவாக்கும் மிஞ்சும்.”