அக்காவின் முதுகு

"அக்கா, நீ மூணாறுக்கு வர வேண்டாம்."

சேஷன் அறை வாசலில் நின்றபடி சொன்னான். சரோஜம் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். விடிந்தால் பயணம்.

"ஏண்டா?"

"உன் முதுகை நினைச்சா பயமா இருக்கு. நாள் முழுக்க காருக்குள்ள உட்காரணும். போறாததுக்கு மலை ரோடு. நடுவழியில பிடிச்சுண்டா என்ன பண்றது?"

"டாக்டரே போலாம்னு சொல்லிட்டாரேடா! இடுப்புல பெல்ட் போட்டுக்கணும், முதுகுக்கு அண்டக்கொடுத்து ஒரு சின்னத் தலகாணி வெச்சுக்கணும், அப்பப்போ வண்டியை நிறுத்தி நாலடி நடக்கணும். அவ்வளவுதானே?"

பூஜை லீவுக்கு மூணாறு என்று முடிவான அன்றே அவள் டாக்டரிடம் போய்விட்டாள். அவர் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியைத் தினமும் தரையில் பாய் விரித்துச் செய்தாள். பழவங்காடிக் கடைத்தெருவில் ஸ்வெட்டர்கூட வாங்கியாயிற்று. புருஷன் போனபின் கோட்டைப் பகுதியில் இருக்கும் இந்தத் தம்பி வீட்டுக்கு வந்தவள். இத்தனை வருஷத்தில் அவளையும் சேர்த்து ஒரு பயணம் என்பது இதுதான் முதல் தடவை.

சேஷனின் மனைவி ஜானவி அவனுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அவர் சொல்றது சரிதான் அக்கா. வந்த இடத்துல நீங்க வலியில துடிச்சா எங்களுக்கு மனசு கேக்குமா? ஆத்துலயே ரெஸ்ட் எடுங்கோ. இந்தாங்கோ, ஒத்தடம் கொடுத்துக்க ஹாட் பேக். உங்களுக்குன்னே வாங்கினேன்."

சரோஜம் அதை வாங்கிக் கட்டிலில் போட்டாள். "கழட்டி விடறதுன்னு முடிவு பண்ணிட்டேள். அதை நேரா சொன்னா என்ன?"

ஜானவியின் முகம் சுருங்கிப் போயிற்று. சேஷன் கூடத்துக்குப் போய்விட்டான்.

படுத்த பிறகு சரோஜத்துக்குத் தூக்கம் வரவில்லை. 'சே, என்ன நாக்கு எனக்கு! என் முதுகைப் பத்திக் கவலைப்பட இந்த உலகத்துல வேற யாரு இருக்கா? அவாளைப் போய்...'

விடியுமுன் எழுந்து இரண்டு பேருக்கும் புளியோதரை கிளறிக் கட்டிவைத்தாள்.

"நேத்திக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேண்டா. மனசுல வெச்சுக்காதே."

"சாரமில்லை அக்கா, போறது விடு" என்றான் சேஷன், அவளைப் பார்க்காமலேயே.

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கரமனையிலிருந்து ஜானவியின் அண்ணா, மன்னி, அவர்கள் பெண் மூன்று பேரும் பயணப் பைகளோடு இறங்கினார்கள். பின்னாலேயே இரண்டு ஆட்கள் மூச்சு வாங்க ஜானவியின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவர். நல்ல கனத்த சரீரம்.

நேரே சரோஜத்தின் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள்.

"நீங்க வரலைன்னதும் கார்ல பின் சீட்டு முழுக்கக் காலியாச்சு, மூணு பேருக்கு இடம் கிடைச்சுது. அதான் அண்ணாவாத்துலயும் வரா" என்றாள் ஜானவி. "ஹோம் நர்ஸும் பூஜைக்கு லீவுல போயாச்சு கேட்டேளா. அப்பாவைத் தனியா விட முடியாதே!"

சரோஜம் தம்பியைப் பார்த்தாள். அவன் கார் டிக்கியில் பைகளை அடுக்குவதில் மும்முரமாக இருந்தான்.

"சேஷா, நான் ஒருத்தியா எப்படிடா..."

"பின்னே, யாராவது ஒருத்தர் ஆத்துல இருந்துதானே ஆகணும் அக்கா?"

கார் கிளம்பியது. தெருமுனை திரும்புமுன் கண்ணாடியை இறக்கி ஜானவி தலையை நீட்டினாள்.

"அக்கா, துணி மாத்தறச்சே அப்பாவை அப்படியே குனிஞ்சு தூக்கிடாதீங்கோ! முட்டியை மடக்கிண்டு மெதுவாத் தூக்குங்கோ. உங்க முதுகு எங்களுக்கு முக்கியம்!"