கண்டக்டர் அக்காவின் புது டிரம்பெட்

“புது டிரம்பெட்டா? இப்ப என்னக்கா அவசரம்? சனிக்கிழமை ஆண்டு விழா முடியட்டுமே!”

மெக்கானிக் இப்படிச் சொன்னதும் கண்டக்டர் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. பஸ் டிப்போ பேண்டுக்கு மெக்கானிக்தான் மாஸ்டர். போன மாதம்தான் தனக்கென்று பளபளவென ஒரு டிராம்போன் வாங்கிக்கொண்ட மனுஷன்.

“உங்களுக்கு வாங்கினா அவசியம், எனக்கு வாங்கினா அவசரமா?”

அக்காவின் டிரம்பெட் ஆறு வருடத்துக்கு முன் யாரோ கழித்துப் போட்டது. அதன் மூன்று வால்வுகளில் நடு வால்வை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். வெளியே வருவது அதன் இஷ்டம்.

“இந்த ஓட்டையை வச்சுக்கிட்டே ஆறு வருஷமா ஒரு இடத்துலகூட தாளம் தப்பினதில்ல. புதுசு கைக்கு வந்தா யோசிச்சுப் பாருங்க!”

“பழசுலதான்க்கா ஒரு உயிர் இருக்கு,” என்றார் டிரம் அடிக்கும் செக்கர்.

“ராசியான பீஸு. மாத்தாதீங்க,” என்றார் கிளாரினெட் வாசிக்கும் டிரைவர்.

“ஓஹோ, எல்லாரும் கூட்டா? உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுருவேன்னு பயம்!”

அன்று மாலையே கணவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஒரே ஊது. வால்வு மூன்றும் வெண்ணெய்.

கணவர் கண் கலங்கிவிட்டார். “உடனே வாங்கிடும்மா. பக்கத்து வீட்டுக்காரங்களும் மனுஷங்கதானே!”

மறுநாள் ஒத்திகைக்குப் புது டிரம்பெட்டோடு வந்தார் அக்கா. பணிமனையில் இரண்டு பஸ்களுக்கு நடுவே வட்டமாக நின்றார்கள். மெக்கானிக் கையசைக்க, பாட்டு கிளம்பியது. முதல் வரி அமர்க்களம். இரண்டாவது அதைவிட.

மூன்றாவது வரியில், நடு வால்வை விட்டதும் எழும்பும் உச்ச ஸ்வரத்தில் அக்கா கம்பீரமாகப் போய் நின்றார்.

தன்னந்தனியாக.

அரை நொடி கழித்து மற்ற பதினோரு பேரும் மொத்தமாக வந்து சேர்ந்தார்கள்.

“என்னய்யா, எல்லாரும் தூங்கிட்டீங்களா? முதல்லேர்ந்து!” என்று அதட்டினார் அக்கா.

மறுபடியும் அதே இடம். அதே அரை நொடி. பதினோரு பேரும் சொல்லி வைத்தாற்போல் லேட்.

செக்கருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிளாரினெட் டிரைவர் பஸ் டயரை ஆராய ஆரம்பித்தார்.

“சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? காட்டுங்க உங்க நோட்ஸை!”

செக்கரின் தாளை அக்கா பிடுங்கினார். மூன்றாவது வரியில் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் பொடி எழுத்து: ‘அக்கா வர்ற வரைக்கும் நில்.’

டிரைவரின் தாளிலும் அதே வட்டம். அடுத்தவர் தாளிலும். விரல் பட்டுப் பட்டு மங்கிப்போன பழைய பென்சில் எழுத்து.

அக்கா மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் தலையைச் சொறிந்தார். “ஆறு வருஷமா நின்னே பழகிட்டோம்க்கா… சனிக்கிழமைக்குள்ள நிக்காமப் போக வருமான்னுதான் பயந்தோம்.”