கெட்டிமேளம் நிற்கும்வரை

இன்னும் செய்யாத ஒரு குற்றத்துக்காகச் சர்வதேசப் போலீஸ் இளங்குமரனை ஆபத்தானவன் என்று அறிவித்திருந்தது. அவன் எங்கே போனாலும் பக்கத்திலிருப்பவர்களின் போன்களெல்லாம் அபாயச் சங்காய் அலறும். கூட்டம் சிதறி ஓடும்.

தங்கை கோமதியின் கல்யாணத்தன்று தாய் செண்பகவல்லி தவில்காரரிடம் கெஞ்சினாள். "அண்ணே, கெட்டிமேளத்தைக் கொஞ்சம் நீட்டி வாசிங்க. போன் அலறுறது யாருக்கும் கேக்கக் கூடாது. எம்புள்ள பின்னாடி நின்னு பாத்துட்டுப் போயிரட்டும்."

தாலி ஏறியது. தவில் இடியாய் முழங்கியது. அட்சதை போட எல்லோரும் எழுந்துவிட்டதால், எட்டி எட்டிப் பார்த்தும் செண்பகவல்லிக்கு வாசல் தெரியவில்லை.

மேளம் நின்றபோது ஒரு போனும் அலறவில்லை.

"அண்ணன் வந்துச்சாம்மா?" தலை நிமிராமல் கேட்டாள் கோமதி.

வெறும் வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் செண்பகவல்லி சொன்னாள்: "வந்தான்டி. கண்ணு நிறையப் பாத்துட்டுத்தான் போனான்."