‘தி’ போட்ட தோசை

கரண்டியில் மாவை எடுத்த செண்பகவல்லி ஊற்றாமல் நின்றாள்.

இங்கிலீஷில் தோசைக்கு முன்னால் ‘ஏ’ வருமா, ‘தி’ வருமா?

கல் காய்ந்து புகைந்தது.

அடுப்படி வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். பெயர் ஹேரின். கொரியாக்காரி. நேற்று மாலைதான் புருஷனோடு கோவில்பட்டி ரயிலடியில் வந்து இறங்கினாள். கல்யாணம் போன வருடமே அங்கே, புசான் நகரத்தில் முடிந்துவிட்டது. செண்பகவல்லி அதைப் போனில்தான் பார்த்தாள். தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்துபோய், மகனுடைய பாதி முகம் மட்டும் நெடுநேரம் நின்றது.

பையன் கைவிட்டுப் போய்விட்டான் என்று தெருவில் பேசினார்கள். அவளும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மருமகளோடு தனியாக நிற்பது இதுதான் முதல் தடவை.

இதற்காகவே இங்கிலீஷ் படித்தாள். மகன் சண்முகவேல்தான் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில். அவனுக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. கார் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் இங்கிலீஷ் புத்தகத்தில் ‘ஏ’யும் ‘தி’யும் விட்டுப்போன இடங்களைத் தேடித் திருத்துவான். வீட்டுக்குப் பேசும்போதும் அவனுக்குக் கை அரிக்கும்.

“புதுசா ஒண்ணச் சொன்னா ‘ஏ’ம்மா. தெரிஞ்சதச் சொன்னா ‘தி’. ஒன்னோடதுன்னா ‘மை’. ‘தி’யும் ‘மை’யும் சேந்து வராது.”

செண்பகவல்லிக்கு எல்லாமே தெரிந்ததாகத்தான் இருந்தது. அதே அடுப்பு, அதே தெரு, அதே வெயில். எல்லாவற்றுக்கும் ‘தி’ போட்டாள்.

இப்போது மாவை ஊற்றிவிட்டுத் திரும்பினாள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

“தி மை சன் வேர்?”

கேட்டு முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. சேர்ந்து வரக் கூடாத இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்துவிட்டன.

ஹேரின் சிரிக்கவில்லை. உடனே பதில் சொன்னாள்.

“அவர் ஹஸ்பெண்ட் ஸ்லீப்பிங்.”

செண்பகவல்லிக்குக் காது குளிர்ந்தது. வந்த மறுநாளே புருஷனை ‘அவர்’ என்கிறாளே. உள்ளூர்ப் பெண்களே இப்போதெல்லாம் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது.

ஹேரினுடைய இங்கிலீஷில் ‘ஏ’ இல்லை. ‘தி’ இல்லை. “கொரியா நோ ஏ, நோ தி,” என்றாள், ஊரில் மழை இல்லை என்பதுபோல. தமிழிலும் கிடையாது என்று செண்பகவல்லி கையை விரித்துக் காட்டினாள். விசேஷ வீட்டுக்குப் போய்வந்து நகையைக் கழற்றுவதுபோல் ஒவ்வொரு ‘தி’யாகக் கழற்றி வைத்தாள். கழுத்து லேசானது.

சட்னியின் காரம், ரயிலில் எதிர் சீட்டுக்காரி கொடுத்த சீடை, கொசு. எல்லாம் மொட்டையாக வந்தன, மொட்டையாகப் போயின. ஒன்றும் குறையவில்லை.

“குக்கர் ஓல்டு. மீ ஓல்டு.”

“நோ, நோ. குக்கர் ஓல்டு.”

இருவரும் சிரித்த சிரிப்பில் சண்முகவேல் எழுந்து வந்தான். கண்ணைக் கசக்கியபடி கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு நின்றான். முகம் சுருங்கியது.

ஹேரின் அவனைச் சுட்டிக்காட்டினாள். “அவர் ஹஸ்பெண்ட் வேக் அப்.”

“மை ஹஸ்பெண்ட்,” என்றான் அவன். பிறகு அம்மாவிடம் திரும்பினான். “அது நம்ம ‘அவர்’ இல்லம்மா. இங்கிலீஷ் ‘அவர்’. எங்க புருஷன்னு சொல்லுதா. எத்தனை பேருக்கு நான் புருஷன்? எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டா.”

செண்பகவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“சரியாத்தானல சொல்லுதா. உங்கப்பாவ நான் எப்படிச் சொல்லுவேன்? எங்க வீட்டுக்காரர்னுதான? என் வீட்டுக்காரர்னு எவளாவது சொல்லுவாளா?”

சண்முகவேலுக்கு உறைத்தது. ஒற்றைப் பிள்ளை அவன். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை யாரிடமும் ‘எங்கம்மா’ என்றுதான் சொல்லியிருக்கிறான்.

என்ன சொன்னார்கள் என்று ஹேரின் அவன் தோளைத் தட்டிக் கேட்டாள். அவன் சொன்னான்.

அவள் முகம் விரிந்தது. கொரியாவிலும் அப்படியேதான் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். எங்க அம்மா. எங்க வீடு. எங்க புருஷன். தனியாகப் பிறந்து தனியாக வளர்ந்தாலும் ‘எங்க’தான். இத்தனை நாள் அவன் திருத்தும்போதெல்லாம் தனக்குத்தான் புத்தியில்லை என்று நினைத்தாளாம்.

அந்தத் தமிழ்ச் சொல்லை அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“எங்க,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் சரியாக உட்கார்ந்தது. சுவரையும், ஜன்னலையும், கொடியில் காயும் துண்டையும் பார்த்தாள். இன்னொரு சொல்லையும் அவன் காதோடு கேட்டுக்கொண்டாள். பிறகு மாமியார் முன்னால் நிமிர்ந்து நின்று, தமிழில் தன் முதல் பேச்சைப் பேசினாள்.

“எங்க வீடு.”

சண்முகவேல் பெருமையோடு அம்மாவைப் பார்த்தான்.

செண்பகவல்லி இல்லை என்று தலையசைத்தாள்.

“எங்க வீடு இல்ல தாயி,” என்றாள். “நம்ம வீடு.”

ஹேரின் புரியாமல் புருஷனைப் பார்த்தாள். “வாட் டிஃபரன்ஸ்?”

இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே சொல்தான். அவன் எதையோ சொல்லத் தொடங்கினான். பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செண்பகவல்லி அடுப்பு முன்னால் கொஞ்சம் தள்ளி, இன்னொருத்தி நிற்க இடம் விட்டாள்.