வெற்றுக்குப்பியில் புகை

காலியாக இருக்க வேண்டிய குப்பியில் மறுபடியும் புகை இருந்தது.

கருவியின் திரையில் அதற்கான கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நடுவில் ஊசி ஊசியாக எழுந்து நின்றது.

ஆய்வகத் தலைவர், கருவியைப் பார்த்துக்கொள்பவர், அவள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் பாறைக்குள் நெருப்பைத் தேடுகிறவள். இருபத்தைந்து கோடி வருடங்களுக்கு முன்னால், உலகத்து உயிர்களில் பெரும்பங்கு அழிந்துபோன சமயத்தில், காடுகளும் பற்றி எரிந்தனவா என்பதுதான் அவள் கேள்வி. காடு எரிந்தால் புகையில் சில கரிப்பொருட்கள் உண்டாகும். அவை மண்ணில் படிந்தால், மண் பாறையாகிப் போன பிறகும் லேசில் அழியாது.

பாறையைப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, உலர்த்திக் கருவிக்குள் விட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும். கூடவே ஒவ்வொரு முறையும் பாறையே இல்லாத ஒரு வெற்றுக்குப்பியையும் இத்தனை பாடும் படுத்துவார்கள். அதில் ஒன்றும் தெரியக் கூடாது. தெரிந்தால், இன்றைய புகை எங்கிருந்தோ உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பாறையில் தெரிவதும் அதே புகைதானோ என்று யாரும் கேட்கலாம்.

எங்கிருந்து வருகிறது என்றுதான் இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பழி காவலாளியின் சிகரெட் மேல் விழுந்தது. அவர், பாவம், தெருமுனைவரை நடந்துபோய்ப் பிடித்துவிட்டு வந்தார். அடுத்து கீழ்த்தளத்து கேண்டீனின் டோஸ்டர் மாட்டியது. கருவியைப் பார்த்துக்கொள்பவர் வடிகட்டியை மாற்றினார், குழாய்களை மாற்றினார், கடைசியில் சந்தேகமே வேண்டாம் என்று சிகரெட் வாசம் பிடித்த தன் மீசையையும் எடுத்துவிட்டார்.

மீசை போனதுதான் மிச்சம்.

இன்றைக்கும் குப்பி சுத்தமாகவில்லை என்றால் கட்டுரையைக் கைவிட்டுவிடலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பு.

தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

ஒரே ஒரு வாரம். அந்த வாரத்து வெற்றுக்குப்பிகளில் மட்டும் கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. ஆனால் அதே வாரம் கருவியில் ஓட்டிய பாறைகளில், உயிர்கள் அழிந்த அந்த அடுக்கில், புகை ஓங்கி நின்றது. அதற்குக் கீழே இருந்த அடுக்குகளில் ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் காடு எரிந்தது நிஜம்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அந்த வாரம் மட்டும் அப்படி என்னம்மா செஞ்சீங்க?" என்றார் தலைவர்.

அவள் தேதியைப் பார்த்தாள். முகம் சூடேறியது.

புதிதாக எதையும் செய்யவில்லை. தினமும் செய்கிற ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் கணவன் பேக்கரியில் விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறவன். இரவு வேலை முடிந்து அவன் படியேறும் நேரத்தில்தான் அவள் வேலைக்குப் படியிறங்குவாள். அவர்கள் இல்லறத்தில் பாதி வாசற்படியிலேயே நடந்தது. தலையில் கரி, கையில் மாவு, சட்டையில் புகையோடு அவன் அப்படியே கட்டிக்கொள்வான். அவளும் அவன் கழுத்தில் முகம் புதைத்து, ஆசைதீர ஒரு மூச்சு இழுத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு ஓடுவாள். அதைப் புகை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அது அவன் வாசனை.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அந்த வாரம் இருவருக்கும் பேச்சில்லை. என்றைக்கோ அணைந்துபோன நெருப்புக்காக உயிரை விடுகிறாயே, வீட்டில் ஒருத்தன் இருக்கிறது ஞாபகம் இருக்கிறதா என்று அவன் வாய்தவறிக் கேட்டுவிட்டான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவன் நீட்டிய சூடான ரொட்டியைக்கூட வாங்காமல், சுவரோரம் ஒதுங்கி இறங்கிப் போனாள். அத்தனை நாளும் ஆய்வகத்தில் எதைத் தொட்டாலும் அவளுக்குக் கை குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் இறங்கி வந்தான். "உன் நெருப்பு கிடைச்சுதா?" என்றான். ஒரு வாரத்துக் கோபமும் அந்தக் கேள்வியில் கரைந்துபோனது. திங்கட்கிழமைக் குப்பியில் புகை திரும்பி வந்துவிட்டது.

இதையெல்லாம் தலைவரிடம் எந்த வாயால் சொல்வது? வீட்டில் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது என்று மென்று விழுங்கினாள்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. குழந்தை மாதிரி குதூகலத்தில் இருந்தார். மீதி அடுக்குகளையும் ஒரே வாரத்தில் ஓட்டிவிட்டால் கட்டுரை தப்பித்தது என்றார். ஆனால் அந்த வாரம் எப்படி இருந்தாளோ அப்படியே இருக்க வேண்டும், இம்மியும் மாறக் கூடாது. காரணம் தெரிகிறவரை கைராசியில் கைவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வரும் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார்.

கருவியைப் பார்த்துக்கொள்பவர் அவள் தோளைப் பார்த்தார். கருநீலத் துணியில், ஐந்து விரலும் பதிந்து, ஒரு மாவுத் தடம் இருந்தது. அவர் மெதுவாகக் கூரையைப் பார்த்தார். கை தானாக மேலுதட்டைத் தடவிக்கொண்டது.

அவள் தோளை ஒரு கையால் மூடிக்கொண்டாள். தட்டிவிட மனம் வரவில்லை.

"வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும், சார்."