இரண்டு பெயர் பென்னி

"அடுத்தவ பேரை உன் காசுல அடிச்சு அனுப்பியிருக்கான்டா, தம்பி. அவ வழக்குப் போட்டா உன் கடை போச்சு" என்றார் அண்ணன் ஏமஸ்.

ஜோசையா பீப்பாயிலிருந்து இன்னொரு காசை எடுத்துப் பார்த்தான்; அதுவும் அப்படியே. பர்மிங்காமிலிருந்து நான்கு மாதம் கப்பலில் வந்து, காலையில்தான் ஹோபார்ட் துறைமுகத்தில் இறங்கிய பீப்பாய் அது. ஊரில் சில்லறைக்குப் பஞ்சம். கடைக்காரர்கள் அவரவர் பெயரில் செப்புப் பென்னிக் காசு அடித்துப் புழங்கவிட்டார்கள். இவனும் சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருந்தான். காசின் ஒரு பக்கம் 'ஜோசையா டாரண்ட், இரும்புக்கடை'. மறுபக்கம் 'லவீனியா குரூ, துணிக்கடை'.

எதிர்க்கடை விதவை. தானும் காசு அடிக்கப்போவதாகச் சொல்லி, பர்மிங்காம் காசுப் பட்டறைக்கு இவன் எழுதிய கடிதத்தையும் வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து அனுப்பியவள். பட்டறைக்காரன் இருவர் அச்சையும் குழப்பிவிட்டான் என்று ஜோசையாவுக்குப் புரிந்தது.

போன வருடம் தன் சன்னலை ஒரு சாண் மறைத்த பலகைக்காக ஒருவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் அவள். அதைவிட, இனி எந்த முகத்தோடு சனிக்கிழமைதோறும் அவளிடம் நூல்கண்டு வாங்கப் போவது? மூன்று வருடமாக வாங்குகிறான். வீட்டில் ஓர் ஊசிகூடக் கிடையாது.

எதிர்க்கடைக்குப் போய் அவள் மேசையில் ஒரு காசை வைத்தான். தப்பு தன்னுடையதில்லை என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னான்.

லவீனியா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எழுத்து நல்லா விழுந்திருக்கு. இதுக்குப் போய் யாராவது கோர்ட்டுக்குப் போவாங்களா?"

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. போன உயிர் திரும்பிவந்தது. அந்தத் தெம்பில், "உங்க பீப்பாயிலயும் இப்படித்தான் கலந்திருக்கும். கொடுங்க, ரெண்டையும் என் செலவுல உருக்கிடறேன்" என்றான்.

"எனக்கு ஏது பீப்பாய்? நான் காசே கேக்கலையே."

அவன் காசிலிருந்த அவள் பெயரைத் தொட்டுக் காட்டினான்.

"உங்க கடிதத்துக்கு அடியில நான்தான் ஒரு வரி சேர்த்தேன். 'காசு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு கடையும் ஒண்ணாயிடும், மறுபக்கம் என் பேரைப் போடுங்க'ன்னு" என்ற லவீனியா, காசைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஒன்பது மாசம் டைம் கொடுத்தேன். நீங்க இன்னும் வாயே திறக்கலையே, மிஸ்டர் டாரண்ட்."